எங்கள் புதிய ஆல்பம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருக்கும் ஒரு தமிழ் ராக் குழு. ஊர்ப் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) காய்கறி வாங்கப் போனால் ஆல்பத்தைப் பற்றிப் பிடித்துக்கொண்டு கேட்கிறார்கள். கோயிலில் கேட்கிறார்கள். வாட்ஸ்அப்பில் குரல் பதிவு போட்டுக் கேட்கிறார்கள். ஆளுக்கொரு பதில் சொல்லி மாட்டிக்கொள்வதைவிட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று குழு முடிவெடுத்தது. எழுதும் வேலை பேஸ் கிட்டார் வாசிக்கும் என் தலையில் விழுந்தது.

ஆல்பம் முடிந்ததா, இல்லையா?

முடிந்தது. ஒன்பது பாட்டு. மிக்ஸிங், மாஸ்டரிங் எல்லாம் ஆகிவிட்டது. ஆல்பத்தின் பெயரும் தேதியும் அட்டைப்படத்தோடு சேர்ந்து வரும். அதற்கு முன் பெயர் வெளியே கசிந்தால் டிரம்மர் எங்களோடு பேசமாட்டார், வைத்தது அவர்.

வெள்ளிக்கிழமைதான் வெளியிடுவோம் என்கிறீர்களே, பஞ்சாங்கம் பார்த்தீர்களா?

எங்கள் பாடகரின் அம்மா பார்த்தார். நாங்கள் பார்க்கவில்லை. 2015 ஜூலை 10 முதல் உலகம் முழுக்கப் புது இசை வெளியாகும் நாள் வெள்ளி என்று இசைத்துறை வைத்துக்கொண்டது. அதற்கு முன் அமெரிக்காவில் செவ்வாய், பிரிட்டனில் திங்கள் என்று ஆளுக்கொரு நாள். ஸ்ட்ரீமிங் தளங்களின் புதுப்பாட்டுப் பட்டியல்களும் வெள்ளிக்கிழமைதான் மாறுகின்றன. சனிக்கிழமை விட்டால் ஆறு நாள் வீண்.

தீபாவளிக்கு முந்தின வாரம் மட்டும் வேண்டவே வேண்டாம் என்பதில் எல்லோரும் ஒரே பேச்சு. அந்த வாரத்தில் உள்ளூர்ப் பாடகர்கள் அத்தனை பேரும் தீபாவளிப் பாட்டு விடுவார்கள், சென்னையிலிருந்து பெரிய படங்களும் இறங்கும். ஜப்பானியர் காலத்துச் சயாம் மரண ரயிலைப் பற்றி ஒரு ராக் பாட்டை முறுக்குக்கும் பட்டாசுக்கும் நடுவில் கொண்டுபோய் வைத்தால் யார் கேட்பார்கள்?

ஒவ்வொரு பாட்டாக விட்டால் ஆள் சேருமே, ஏன் மொத்தமாக ஆல்பம்?

சேரும்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்த ஒன்பதும் ஒரே இடத்தில், ஒரே டிரம்ஸில், ஒரே பருவத்தில் பிறந்தவை. நாலாவது பாட்டின் கடைசிச் சுரத்தில்தான் ஐந்தாவது தொடங்குகிறது. பிரித்துப் போட்டால் இரண்டுக்கும் கை கால் போய்விடும். இரண்டு பாட்டை மட்டும் முன்னோட்டமாக விடுகிறோம், வானொலி நிலையங்களுக்குக் கொடுக்கக் கையில் ஏதாவது வேண்டுமே என்பதற்காக.

ஈப்போவில் ஸ்டுடியோ இருக்கிறது, கேஎல்லில் இருக்கிறது. தோட்டத்து மண்டபத்தில் போய் ஏன் பதிவு செய்தீர்கள்?

அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். கேட்பவர்கள் பாதிப் பேர் பரிதாபப்பட்டுக் கேட்கிறார்கள். பரிதாபம் வேண்டாம்.

ஸ்டுடியோ மணிக்கணக்கில் காசு கேட்கும். வாடகை ஓடிக்கொண்டிருந்தால் வாசிப்பவன் கண் கடிகாரத்தில்தான் இருக்கும். இன்னொரு காரணம் டிரம்ஸ். ராக் ஆல்பத்தில் டிரம்ஸ் பெரிதாகக் கேட்க வேண்டும் என்றால் அது இருக்கும் அறையும் பெரிதாக இருக்க வேண்டும். ஒரு சின்ன அறையில் அடித்துவிட்டுப் பிறகு கணினியில் எதிரொலி சேர்த்தால் அது சேர்த்ததாகவே கேட்கும். எங்களுக்குக் கிடைத்தது பழைய தோட்டத்து மண்டபம்: செங்கல் சுவர், சிமெண்டுத் தரை, உயரத்தில் ஜிங்க் கூரை. கித்தா (ரப்பர்) போய் செம்பனை வந்து, நம் ஆட்கள் லயத்தை (தோட்டத்து வரிசை வீடுகளை) விட்டுத் தாமான் வீடுகளுக்குப் போன பிறகு, திருவிழா நாள் தவிர அது பூட்டியே கிடந்தது. நிர்வாகத்திடம் கேட்டோம். கூட்டிப் பெருக்கிக்கொண்டு சாவியைத் திருப்பிக் கொடுங்கள் என்றார்கள்.

முதல் வேலையாக நடுவில் நின்று கை தட்டிப் பார்த்தோம். எதிரெதிர்ச் சுவர்கள் நேராக இருந்ததால் சத்தம் இங்கும் அங்கும் மோதி ‘டர்ர்’ என்று அதிர்ந்தது. அது டிரம்ஸுக்கு ஆகாது. ஒரு பக்கச் சுவரில் மெத்தைகளைச் சாய்த்து, மற்றப் பக்கம் பழைய அலமாரி ஒன்றைக் கோணலாக நிறுத்தினோம். கோயிலிலிருந்து கம்பளம் வாங்கி டிரம்ஸுக்கு அடியில் விரித்தோம். மறுபடி தட்டினால் அதிர்வு போய் ஒரு நல்ல வால் மட்டும் மிஞ்சியது. அந்த வால்தான் ஆல்பம் முழுக்கக் கேட்கிறது.

தொல்லையும் உண்டு. பேராக்கில் பல மாதம் மதியத்துக்கு மேல் வானம் நம் கையில் இல்லை. ஜிங்க் கூரையில் மழை இறங்கினால் வேலையை மூட்டை கட்ட வேண்டியதுதான். அதனால் காலையிலேயே பதிவு, பசியாறிவிட்டு நேராக மண்டபம். செம்பனைக் குலை ஏற்றிய லோரி போகும் நேரத்தைக் குறித்துவைத்துக்கொண்டோம். சேவலை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஆறாவது பாட்டின் முடிவில் மழை கேட்கிறதே, அது எஃபெக்ட்டா?

முன்னோட்டம் கேட்டவர்கள் கேட்கிறார்கள். உண்மையான மழை. கடைசிச் சுற்றில் டிரம்மர் அடித்துக்கொண்டிருக்கும்போதே தொடங்கியது. முதலில் டிரம்ஸுக்கு மேலே நிற்கும் ஓவர்ஹெட் மைக் இரண்டில் இடது பக்கத்ததில் மட்டும் நாலைந்து சொட்டு, பிறகு வலது பக்கம், பிறகு கூரை முழுக்க. அவர் நிறுத்தவில்லை. ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டால் மழை இடமிருந்து வலமாக நடந்து வருவது தெரியும்.

டிரம்ஸுக்கு எந்த மைக், எங்கே வைத்தீர்கள்? (உள்ளூர்க் குழுக்கள் கேட்பது. மற்றவர்கள் தாண்டிப் போகலாம்.)

ஸ்னேர் (வாசிப்பவர் முன்னால் இருக்கும், சுரீரென்று அடிக்கும் டிரம்) மேல் ஷூர் எஸ்எம்57. 1965-இலிருந்து விற்கும் மைக். நம் ஊர் சவுண்ட் சிஸ்டம்காரர் எல்லோரிடமும் இரண்டு மூன்று கிடக்கும், வாடகைக்குக் கொடுப்பார்கள். ஸ்னேருக்கு அடியிலும் ஒன்று; ஆனால் அடி மைக்கின் போலாரிட்டியை (ஒலி அலையின் மேல் கீழை) மிக்ஸரில் திருப்பிவிட வேண்டும். மேலே அடிக்கும்போது தோல் ஒரு மைக்கை விட்டு விலகி மற்றதை நோக்கிப் போகிறது. திருப்பாமல் இரண்டையும் சேர்த்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும், ஸ்னேர் தகர டப்பா ஆகிவிடும்.

ஓவர்ஹெட் இரண்டும் ஸ்னேரின் நடுவிலிருந்து ஒரே தூரம் இருக்க வேண்டும். கயிறு கட்டி அளந்தோம். ஒலி ஒரு மீட்டர் போக ஏறக்குறைய 3 மில்லி வினாடி ஆகிறது. ஒன்று முன்னே ஒன்று பின்னே இருந்தால் ஸ்னேர் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாயும். அறைக்கென்று இன்னொரு மைக், மண்டபத்தின் கடைசி மூலையில், டிரம்ஸுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. பாதிச் சத்தம் அதிலிருந்துதான் வந்திருக்கிறது.

எல்லாவற்றுக்கும் முன், புதுத் தோல் போடுங்கள், ட்யூன் பண்ணுங்கள். மைக்குக்குச் செலவழிக்கும் காசில் ஒரு பங்கைத் தோலுக்குப் போட்டால் மைக் தானாக நல்ல மைக் ஆகிவிடும்.

எங்கள் வீட்டு அறையில் முட்டை அட்டை ஒட்டினால் சத்தம் வெளியே போகாதா?

போகும். கொசுவலையால் மழையைத் தடுப்பதற்குச் சமம். முட்டை அட்டைக்கு எடையே கிடையாது. எடையில்லாத எதுவும் ஒலியைத் தடுக்காது, அதிலும் பேஸையும் கிக் டிரம்மையும் தடுக்கவே தடுக்காது. உள்ளே உச்சஸ்தாயி கொஞ்சம் மந்தமாகும், அவ்வளவுதான். தீ பிடித்தால் சர்ரென்று பிடிக்கும் என்பது வேறு. பக்கத்து வீட்டாரிடம் போய் எத்தனை மணி வரை வாசிக்கலாம் என்று கேட்டுவிடுவதுதான் மலிவான வழி. நாங்கள் அப்படித்தான் செய்தோம், தீபாவளிக்குப் பலகாரம் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தோம்.

உறுமி மேளமும் தப்பு மேளமும் எதற்கு? ஃபியூஷனா?

அந்தச் சொல்லைக் கேட்டாலே எங்கள் உறுமிக்காரர் எழுந்து வெளியே போய்விடுவார்.

எங்களில் யாரும் டிரம் செட்டை நேரில் பார்ப்பதற்கு முன்பே உறுமியைக் கேட்டிருக்கிறோம். தைப்பூசத்தில் காவடிக்கு முன்னால், கோயில் திருவிழாவில், சாவு வீட்டில். ஒரு முகத்தில் குச்சியால் அடித்து, மறு முகத்தில் வளைந்த குச்சியால் உரசும்போது வருகிற அந்த உறுமல் இருக்கிறதே, கிட்டாரில் டிஸ்டார்ஷன் (சத்தத்தைக் கரகரப்பாக்கும் எஃபெக்ட்) போட்டு நாங்கள் தேடிக்கொண்டிருந்தது அதைத்தான். எனவே சேர்த்தோம் என்று சொல்வது சரியில்லை. அது முன்பே இருந்தது, கிட்டார்தான் பிறகு வந்து சேர்ந்தது.

பதிவு செய்வது சுலபமில்லை. உறுமல் ஒரே சுரத்தில் நிற்காது, வழுக்கும். பேஸ் கிட்டாரும் அதே கீழ்ச் சுரங்களில்தான் வாழ்கிறது. இரண்டும் சேர்ந்தால் குழம்பிப் போகிறது. அதனால் உறுமி பேசும் இடங்களில் நான் வாசிப்பதில்லை. ஏழாவது பாட்டில் நான் சும்மா நிற்கும் அந்த எட்டுத் தாளச் சுற்றுதான் ஆல்பத்திலேயே எனக்குப் பிடித்த இடம்.

தப்பு இன்னொரு கதை. காலை ஈரத்தில் தோல் தொய்ந்துவிடும். மண்டபத்துக்கு வெளியே ஓலையைக் கொளுத்திக் காய்ச்சி எடுத்தால் கணீரென்று ஏறும். ஆனால் ஆற ஆற இறங்கிக்கொண்டே வரும். முதல் சரணத்துக்கும் மூன்றாவது சரணத்துக்கும் நடுவில் சுருதி மாறிவிடுவதைக் காதே சொல்லிவிடும். எனவே இரண்டு தப்பு: ஒன்று கையில், ஒன்று நெருப்பில். ஃபைபர் முகம் போட்ட தப்பு வைத்திருந்தால் இந்த வேலையே இல்லை. ஒரு முறை அடித்துப் பார்த்தோம். சுருதி அசையவில்லை, உயிரும் இல்லை.

சாவுக்கு அடிக்கும் தப்பை ஆல்பத்தில் சேர்த்திருக்கிறீர்களே?

ஆமாம். அதே தப்பு.

அதை அடித்தவர்களுக்கு மற்ற வாத்தியக்காரர்களுக்குக் கொடுத்த அதே சம்பளம், அட்டையில் அதே அளவு எழுத்தில் பெயர். மேளக்காரருக்குச் சாப்பாடு போட்டு வழிச்செலவு கொடுத்தால் போதும் என்று நினைக்கும் வழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. எங்களுக்கு அதில் உடன்பாடு கிடையாது.

கிளிக் டிராக் வைத்து வாசித்தீர்களா?

ஆறு பாட்டுக்கு வைத்தோம். உறுமி வரும் மூன்றுக்கு வைக்கவில்லை. திருவிழாவில் அருள் வரும் நேரத்தில் மேளம் எப்படி ஓட்டம் பிடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். அந்த ஓட்டத்தைக் காதுக்குள் ஒரு ‘டிக் டிக்’ வைத்துப் பிடித்து நிறுத்தினால் பிறகு எதற்கு உறுமி? அந்த மூன்றிலும் உறுமி முன்னே போகும், டிரம்ஸ் பின்தொடரும். பிறகு கிட்டாரைத் தனியாகச் சேர்க்கும்போது நாங்கள் பட்ட பாடு வேறு.

கிட்டார் பதிவில் ‘உம்ம்’ என்று ஓர் இரைச்சல் வருகிறது, என்ன செய்வது?

மின்சாரம். நம் நாட்டில் அது 50 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரின் கீழ் ‘ஜி’ சுரம் 49 ஹெர்ட்ஸ். ஜி-யில் இருக்கும் பாட்டில் இரைச்சல் ஒளிந்துகொள்ளும், மற்றப் பாட்டில் பல்லைக் காட்டும். எல்லாக் கருவிகளையும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து எடுங்கள். எர்த் கம்பி உண்மையில் மண்ணுக்குப் போகிறதா என்று வயர்மேனை வைத்துப் பாருங்கள். பழைய கட்டடங்களில் போகாது. மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை உடைத்தால் இரைச்சல் போய்விடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உயிர் போகும்.

பாட்டுகள் எதைப் பற்றி?

இரண்டு காதல் பாட்டு. ஒன்று மோட்டார் சைக்கிள் பாட்டு. மற்றவை ஊரைப் பற்றி.

1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்தில் எல்பில் தோட்டத்திலும் இன்னொரு தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து, கம்யூனிஸ்டுகளை அடக்க ஆங்கிலேய அரசு அறிவித்த அவசரகாலம் வந்தது, 1960 ஜூலை 31 வரை நீடித்தது. வரலாற்றுப் புத்தகத்தில் நம் ஊர் வருவது பெரும்பாலும் அந்த ஒரு வரியில்தான். அந்தக் காலைக்குப் பிறகு லயத்தில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்பது அந்த வரியில் இல்லை. தோட்டத்து ஆட்களை ஓரிடத்தில் குவித்து முள்வேலி போட்டார்கள். இரண்டாவது பாட்டு வேலிக்கு உள்ளே இருந்து பாடப்படுகிறது. துரையும் வரமாட்டார், துப்பாக்கிக்காரனும் வரமாட்டான், பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போகும் ஒரு பெண் மட்டும்தான்.

ஐந்தாவது பாட்டு சயாம் மரண ரயில். 1942, 43-இல் ஜப்பானியர் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் நடுவில் போட்ட 415 கிலோமீட்டர் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். வாந்திபேதியிலும் மலேரியாவிலும் பசியிலும் செத்தவர்களுக்குக் கணக்கே சரியாக இல்லை. வெள்ளைக்காரக் கைதிகளுக்கு அங்கே கல்லறை வரிசை உண்டு. இந்தப் பாட்டுக்கு ஏழு எண்ணிக்கைத் தாளம் வைத்தோம். நாலு நாலாக நடக்கும் ராக் தாளத்தில் கேட்பவர் தலையாட்டிவிடுகிறார், இதற்குத் தலையாட்டல் பொருந்தவில்லை. ஏழில் கால் எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறுவார். அது போதும்.

எட்டாவது, தோட்டத் துண்டாடல். விடுதலைக்குப் பின் துரைமார்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்க, ஆட்கள் நடுத்தெருவில் நின்ற காலம். அதற்குப் பதிலாகத்தான் இதே ஊரில் பிறந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கி, தொழிலாளர்களிடம் பங்கு சேர்த்துத் தோட்டம் வாங்க வைத்தார். பாட்டில் அவர் பெயர் வராது. பங்குச் சீட்டைத் தகரப் பெட்டியில் பூட்டிவைத்த ஒரு கிழவி வருகிறாள்.

தமிழ் ராக்கில் சொல்லே புரிவதில்லை. உங்கள் ஆல்பத்திலாவது புரியுமா?

நியாயமான குறை. கிட்டார் சத்தத்தைக் குற்றம் சொல்வார்கள், பாதிக் குற்றம் மெட்டில் இருக்கிறது. ஆங்கிலப் பாட்டு கேட்டு வளர்ந்த நாங்கள் முதலில் ‘லா லா’ என்று மெட்டுப் போட்டு, பிறகு அதில் தமிழைத் திணித்தோம். அப்போது குறில் விழ வேண்டிய இடத்தில் நெடிலும், நெடில் விழ வேண்டிய இடத்தில் குறிலும் விழும். ‘பல்’லை இழுத்தால் ‘பால்’ ஆகிவிடும், ‘படு’வை இழுத்தால் ‘பாடு’. கேட்பவர் மூளை ஒரு கணம் நின்று சரிபார்க்கும். அதற்குள் அடுத்த வரி போய்விடும்.

இந்த முறை வரியை முதலில் சத்தம் போட்டுப் பேசினோம். கோபத்தில் பேசினால் எங்கே இழுக்கும், எங்கே வெட்டும் என்று பார்த்து அதன்மேல் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் மெட்டு) போட்டோம். ‘க்க’, ‘ட்ட’, ‘த்த’ வரும் சொற்கள் ஸ்னேர் அடியில் வந்து உட்கார்ந்தால் பாடகர் கத்தவே தேவையில்லை, சொல்லே அடிக்கிறது. உச்சத்தில் பிடிக்க வேண்டிய சுரத்துக்கு ‘ஆ’ வரும் சொல்லாகப் பார்த்து மாற்றினோம். ‘ஈ’யில் அவ்வளவு உயரம் போனால் தொண்டை இறுகிவிடுகிறது. இதற்காக ஒரு பாட்டில் காதலியின் ஊரையே மாற்ற வேண்டியதாயிற்று. பாடல் வரிகள் முழுவதும் சிடி அட்டையோடு வரும்.

ராக் என்றால் பேய் இசை என்கிறாரே எங்கள் அப்பா?

அவரிடம் சண்டை போடாதீர்கள், அவர் காலத்தில் அரசாங்கமே அப்படித்தான் பேசியது. 1992-இல் தகவல் அமைச்சராக இருந்த முகமட் ரஹ்மாட் நீளமுடி ராக்கர்களை அரசாங்கத்தின் ஆர்டிஎம் தொலைக்காட்சியில் காட்டக்கூடாது என்றார். ‘சர்ச்’, ‘விங்ஸ்’ என்ற மலாய் ராக் குழுக்காரர்கள் முடியை வெட்டிக்கொண்டார்கள். 2006-இல் தேசிய ஃபத்வா மன்றம் பிளாக் மெட்டல் இசைக்குத் தடை சொன்னது. அந்தச் செய்திகளில் வளர்ந்தவருக்குக் கறுப்புச் சட்டையும் கிட்டாரும் பேயாகத்தான் தெரியும்.

அப்பாவுக்கு ‘அலிகேட்ஸ்’ பிடிக்குமா என்று கேளுங்கள். பினாங்குத் தமிழர்கள்: டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்கள். நாடே அவர்களின் மலாய்ப் பாட்டைப் பாடியது. சிங்கப்பூரில் 1992-இல் தொடங்கிய ‘ருத்ரா’ குழு வேத மந்திரத்தோடு மெட்டல் வாசிக்கிறார்கள். ராக்கை இந்த அளவு கனமாக்கியவர்களில் ஒருவரான ‘பிளாக் சபாத்’தின் டோனி அயோமி, இங்கிலாந்தில் தகரத் தொழிற்சாலையில் வேலை பார்த்து எந்திரத்தில் விரல்நுனிகளை இழந்தவர். வலிக்காமல் வாசிக்கத்தான் பிறகு கம்பியைத் தளர்த்தினார், அதில் இருண்ட சத்தம் வந்தது. வேலையில் கை போன ஆட்களை நம் தோட்டத்தில் பார்த்திருக்கிறாரே அப்பா, அவருக்கு இது புரியும்.

மிக்ஸிங், மாஸ்டரிங் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. மிக்ஸிங்கில் ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியாகத் தொடலாம். மாஸ்டரிங்கில் எல்லாம் சேர்ந்து ஒரே கோப்பாகிவிடும். மொத்தத்தின் அளவையும் தொனியையும் பாட்டுக்குப் பாட்டு உள்ள ஏற்ற இறக்கத்தையும்தான் சரிசெய்ய முடியும். மிக்ஸிங்கை நாங்களே செய்தோம். மாஸ்டரிங்கை வெளியே கொடுத்தோம், காரணம் எங்கள் காது அதற்குள் செத்துவிட்டது.

சத்தத்தைக் கூட்டிக் கொடுங்கள் என்று கேட்க வேண்டாம். ஸ்பாட்டிஃபை பொதுவாக மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்கு எல்லாப் பாட்டையும் சமப்படுத்துகிறது. அதைவிடச் சத்தமாகக் கொடுத்தால் அவர்களே குறைத்துவிடுவார்கள். நசுக்கியது நசுங்கியபடியே இருக்கும்.

கடைசிச் சோதனை மைவி காரில். ஜன்னலை இறக்கிவிட்டு, நெடுஞ்சாலையில். அங்கே பாடகரின் குரல் கேட்டால் எங்கும் கேட்கும்.

முன்பு ஒரு பாட்டு இருந்ததே, இப்போது எந்தத் தளத்திலும் காணோம்?

அதை ஏற்றிய கணக்கு எங்கள் பழைய கீபோர்ட்காரரிடம் இருந்தது. அவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனார், கார்டு காலாவதியானது, ஆண்டுக் கட்டணம் போகவில்லை, தளங்களுக்குப் பாட்டை ஏற்றிக் கொடுக்கும் விநியோகஸ்தர் அதை எடுத்துவிட்டார். பல விநியோகச் சேவைகள் அப்படித்தான். ஒருமுறை கட்டினால் போதும் என்று இருப்பவையும் உண்டு, கையெழுத்திடும் முன் பாருங்கள்.

திரும்ப ஏற்றப் போகிறோம், அதே ஐஎஸ்ஆர்சி எண்ணோடு. ஒவ்வொரு பதிவுக்கும் உரிய 12 எழுத்து அடையாளம் அது. பழைய எண்ணையே கொடுத்தால் பழைய கேட்பு எண்ணிக்கை ஒட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. புது எண் வாங்கினால் பூஜ்யத்திலிருந்து.

ஸ்பாட்டிஃபையில் கேட்டால் உங்களுக்குக் காசு வருமா?

2024 முதல் ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்தில் குறைந்தது 1,000 முறையாவது கேட்கப்பட்டால்தான் அந்தப் பதிவுக்குப் பங்கு. அதைத் தாண்டினாலும் வருவது தே தாரிக் காசுதான். பரவாயில்லை, கேளுங்கள். காசாக உதவ நினைத்தால் சிடி வாங்குங்கள். அல்லது நிகழ்ச்சிக்கு வாருங்கள்.

பாட்டு உரிமை யாருக்கு?

இதைக் கேட்டவர் ஒருவர்தான். ஆனால் எல்லாக் குழுவும் கேட்க வேண்டியது என்பதால் சேர்த்தேன். மலேசியாவில் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, பாட்டைத் தாளிலோ ஒலிப்பதிவிலோ கொண்டுவந்த உடனேயே உரிமை பிறந்துவிடும், எங்கும் பதிய வேண்டிய கட்டாயமில்லை. ஆதாரம் வேண்டும் என்றால் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகமான மைஐபிஓ-வில் தானாக முன்வந்து அறிவித்துவைக்கலாம். எழுதியவர் ஆயுளும் அதற்கு மேல் 50 ஆண்டும் அது நிற்கும். மெட்டும் வரியும் ஓர் உரிமை, பதிவு செய்த ஒலி வேறோர் உரிமை. இரண்டும் வேறு வேறு கையில் இருக்கலாம். வானொலியிலும் கடையிலும் பாட்டு ஒலித்தால் மெட்டுக்கும் வரிக்கும் வரும் பணத்தை வசூலித்துத் தருவது எம்ஏசிபி என்ற அமைப்பு, அதில் இசையமைப்பாளரும் பாடலாசிரியரும் சேர்ந்துகொள்ளலாம்.

பாட்டு முடிந்த அன்றைக்கே, மாமாக் கடை மேசையிலேயே, யாருக்கு எத்தனை விழுக்காடு என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பாட்டு ஓடாதவரை எல்லோரும் அண்ணன் தம்பிதான். ஓடத் தொடங்கிய பிறகு அந்தப் பேச்சை எடுத்தால் குழு உடையும்.

செலவு எவ்வளவு?

தொகை வேண்டாம், வீட்டில் படிப்பார்கள். பெரும்பங்கு போனது மாஸ்டரிங், மேளக்காரர் சம்பளம், சிடி அச்சு. மண்டபத்துக்கு மின்கட்டணம் மட்டும். வீடியோவுக்கு அநேகமாக ஒன்றும் இல்லை. வாடகைக் காரும் புகையும் போட்டு வீடியோ எடுத்துவிட்டு, பாட்டைக் கைபேசி மைக்கில் பதிவு செய்த குழுக்களைப் பார்த்திருக்கிறோம்.

சிடி யார் வாங்குகிறார்கள் இன்னும்?

பழைய கார் வைத்திருப்பவர்கள், எங்கள் சித்தப்பா, கையெழுத்து வாங்க ஆசைப்படுபவர்கள். கொஞ்சம்தான் அடிக்கிறோம். கேசட் கிடையாது. எல்பி தட்டு கேட்டவருக்கு: ஒரு பக்கத்தில் 20 நிமிடத்துக்குச் சற்று மேல்தான் நன்றாகக் கொள்ளும், பாட்டு வரிசையையே மாற்ற வேண்டியிருக்கும். காசும் இல்லை.

வெளியீட்டு நிகழ்ச்சி எங்கே?

சுங்கை சிப்புட்டில்தான், ஒரு மண்டபத்துக்குள். எங்கள் ஊர் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின் கீழ் வருகிறது. அங்கே அனுமதிக்கு மனு போட்டிருக்கிறோம், போலீஸ் நிலையத்திலும் தெரிவிக்க வேண்டும். இரண்டும் முடிந்த பிறகே எந்த மண்டபம் என்று சொல்வோம். திறந்த திடலில் ஏன் வைக்கவில்லை என்று கேட்பவர்கள் மழையைப் பற்றி மேலே எழுதியதைப் படிக்கவும்.

ரயிலில் வருபவர்களுக்கு ஊரிலேயே கேடிஎம் நிலையம் உண்டு. கடைசி ரயில் நேரத்தைப் பார்த்துக்கொண்டு வாருங்கள். தவறவிட்டவர்களை டிரம்மர் வீட்டில்தான் படுக்கவைக்க வேண்டியிருக்கும். அவர் தூக்கத்திலும் கால் தட்டுவார்.

குழந்தைகளைக் கூட்டி வரலாமா?

வரலாம், காதுக்கு மூடி போட்டு. பெரியவர்களுக்கே 85 டெசிபலில் எட்டு மணி நேரம்தான் பாதுகாப்பு என்கிறார்கள். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம். மேடைக்கு முன்னால் நாங்கள் அதைத் தாண்டுவோம். கைக்குழந்தை வேண்டாம். பஞ்சு உருண்டை போதாது. நுரை அடைப்பான் வாசலில் இலவசமாகக் கிடைக்கும்.

உங்கள் பாட்டை எங்கள் பள்ளி நிகழ்ச்சியில் பாடலாமா?

தாராளமாக. வரியை மட்டும் மாற்றாதீர்கள். மோட்டார் சைக்கிள் பாட்டைப் பள்ளியில் வேண்டாம்.

டி-சட்டை உண்டா? டபுள் எக்ஸ்எல் இருக்குமா?

உண்டு, இருக்கும். எங்கள் கிட்டார்காரர் அளவே அதுதான். கறுப்பு மட்டும். முன்பதிவு செய்தவர்களுக்கு நிகழ்ச்சி அன்று வாசலிலேயே கொடுப்போம், வெளியூருக்குத் தபால் செலவு தனி. முதல் இரண்டு தடவை தனியாகத் துவையுங்கள், சாயம் போகும்.